இல்லாத டாலரைச் சேகரிப்பவர்கள்

நாணயம் சேகரிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆல்பத்தில் வட்டவட்டமாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்குக் கீழும் ஓர் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஒரு குழி காலியாக இருந்தாலும் தூக்கம் வராது. சரி, எல்லாக் குழியும் நிரம்பிவிட்டால் என்ன செய்வார்கள்? நிம்மதியாகத் தூங்குவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அடிக்கப்படாத ஆண்டுக்கும் ஒரு குழி தோண்டிக்கொள்வார்கள்!

அப்படிப்பட்ட ஒரு குழியின் கதைதான் இது. அதில் உட்கார்ந்திருக்கும் நாணயத்தின் மேல் 1964 என்று போட்டிருக்கும். பக்கத்தில் டென்வர் அக்கசாலையைக் குறிக்கும் சின்ன 'டி' எழுத்தும் இருக்கும். எடை சரியாக இருக்கும், வெள்ளியும் அசல் வெள்ளி. ஆனால் அதை அடித்தது அமெரிக்க அரசு அல்ல. கொலராடோவில் ஒரு தனி மனிதர் தன் சொந்தப் பட்டறையில் அடித்தது. போலியா என்று கேட்டால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

முதலில் 'பீஸ் டாலர்' என்ற நாணயம். முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாட 1921 டிசம்பரில் வெளிவந்தது. அந்தோணி டி பிரான்சிஸ்கி என்ற இத்தாலிய வம்சாவளிச் சிற்பி வடிவமைத்தார். முன்பக்கம் சுதந்திர தேவியின் முகம். அதற்கு மாதிரியாக இருந்தது அவருடைய இளம் மனைவி தெரசா. பின்பக்கம் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் கழுகு, அதன் காலடியில் 'சமாதானம்' என்ற ஆங்கிலச் சொல். 38.1 மில்லிமீட்டர் விட்டம், 26.73 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1921 முதல் 1928 வரை அடித்தார்கள், பிறகு 1934, 1935. புழக்கத்துக்கு வந்தவை அத்தோடு சரி. ஆண்டு, அக்கசாலை எல்லாம் கணக்குப் போட்டால் மொத்தம் 24 வகை. 24 குழி நிரம்பினால் ஆல்பம் முடிந்தது.

இந்த டாலர் பிறந்ததற்கு நம் நாடும் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெரிய தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொடுத்தால் வெள்ளி தருகிறேன் என்று சொன்ன அரசிடம் கொடுக்க வெள்ளி இல்லை. (ஒரு ரூபாய் நோட்டு என்ற ஒன்று 1917-ல் வந்ததே இதனால்தான்.) மக்கள் நோட்டை நீட்டி வெள்ளி கேட்க, அரசு கைவிரித்துவிடுமோ என்ற நிலை. அப்போது அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, கஜானாவில் சும்மா கிடந்த தன் பழைய வெள்ளி டாலர்களை உருக்கியது. ஒன்று இரண்டு அல்ல, 27 கோடியே 2 லட்சத்துக்கும் மேல்! அதில் சுமார் 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் இருந்த வெள்ளியில் ஏறக்குறைய இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1919 ரூபாய் ஏதாவது கிடந்தால், அதில் இருப்பது அமெரிக்க டாலராகவே கூட இருக்கலாம். உருக்கிய டாலர்களுக்கு ஈடாகப் புதியவை அடித்தே ஆக வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அப்படி அடிக்க ஆரம்பித்தபோதுதான் புது வடிவமாக பீஸ் டாலர் வந்தது.

இப்போது 1964-க்கு வருவோம். வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்தது. கஜானாவில் மிச்சமிருந்த வெள்ளி டாலர்களை ஜனங்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் கஜானா கதவைச் சாத்திவிட்டது. ஆனால் மேற்கு மாநிலங்களில், குறிப்பாக நெவாடாவின் சூதாட்ட விடுதிகளில், வெள்ளி டாலர்தான் கையில் புழங்கும் காசு. மொன்டானாவின் செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் விடாமல் அழுத்தம் கொடுக்க, 1964 ஆகஸ்டில் நாலரைக் கோடி வெள்ளி டாலர் அடிக்க காங்கிரஸ் அனுமதி தந்தது. உடனே அடித்தார்களா என்றால் இல்லை. இழுத்து இழுத்து 1965 மே மாதம்தான் ஜனாதிபதி ஜான்சன் உத்தரவு போட்டார். டென்வரில் இயந்திரம் ஓடியது. ஆண்டு 1965 ஆனாலும் நாணயத்தில் 1964 என்றே போட்டார்கள்.

சேதி வெளியே வந்ததும் நாணய வியாபாரிகள் ஒரு டாலர் நாணயத்துக்கு ஏழரை டாலர் தருகிறேன் என்று கூவ ஆரம்பித்தார்கள். புழக்கத்துக்கென்று அடித்த காசு ஒரு நாள்கூடப் புழங்காது, நேரே பதுக்கலுக்குத்தான் போகும் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிட்டது. சில்லறைத் தட்டுப்பாடு தலைவிரித்தாடும் நேரத்தில் இது தேவையா என்று காங்கிரஸில் ஒரே கூச்சல். மே முடிவதற்குள் அரசு பின்வாங்கியது. 'இவையெல்லாம் வெறும் சோதனை அச்சுகள்' என்று சொல்லி, அடித்த 3,16,076 நாணயங்களையும் உருக்கிவிட்டார்கள். மூன்று லட்சம் சோதனையாம்! அரசாங்கங்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. ஆய்வுக்கென்று எடுத்துவைத்திருந்த இரண்டு மட்டும் 1970 வரை பிழைத்திருந்து, பிறகு அவையும் அழிக்கப்பட்டன.

உருக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணவில்லை, எடை போட்டுத்தான் சரிபார்த்தார்கள். வதந்திக்கு இது போதாதா? வேறு டாலரை உள்ளே போட்டுவிட்டு அதே எடைக்குப் புதியதை வெளியே எடுத்திருக்கலாமே என்று அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு. பி.சி.ஜி.எஸ். என்ற தரச்சான்று நிறுவனம் 2013-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அசல் 1964-டி டாலரைக் கொண்டுவந்து காட்டினாலே 10,000 டாலர் பரிசு. வைத்திருந்தாலும் யார் காட்டுவார்கள்? அது அரசுச் சொத்து என்று பிடுங்கிக்கொள்வார்கள். 1933-ன் இருபது டாலர் தங்க நாணயங்கள் பத்தை ஒரு குடும்பம் சோதித்துத் தரச்சொல்லி 2004-ல் அரசிடம் கொடுக்க, அவை திரும்பவே இல்லை. வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்து அரசு பக்கமே தீர்ப்பானது.

இந்த வெற்றிடத்தில்தான் டேனியல் கார் நுழைகிறார். சும்மா ஆள் இல்லை. 2001-ல் வந்த நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் கால் டாலர்களை வடிவமைத்தவர். டென்வர் அக்கசாலை கழித்துவிட்ட பெரிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, லவ்லேண்ட் என்ற ஊரில் 'மூன்லைட் மின்ட்' என்று சொந்தப் பட்டறை வைத்தார். 2010-ல் அங்கிருந்து 1964-டி பீஸ் டாலர் வந்தது. இதில் ஒரு விசேஷம், அவர் வெள்ளித் தகடு வெட்டி அடிக்கவில்லை. அசல் பீஸ் டாலரை, அதாவது 1920-களில் அரசே அடித்ததை, எடுத்து அதன் மேல் தன் அச்சை வைத்து மறுபடி அடித்தார். இதைத்தான் ஓவர்ஸ்டிரைக் என்கிறார்கள். தமிழில் மேலச்சு எனலாம். அசல் 1964-க்கு வெளியான புகைப்படம்கூட இல்லாததால், அது எப்படி இருந்திருக்கும் என்பது முழுக்க அவருடைய ஊகம்தான்.

மேலச்சு ஒன்றும் புதிய தந்திரமில்லை. நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் 1906-ல் ஒரு புதையல் கிடைத்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், எல்லாம் சக மன்னன் நகபானன் முகம் போட்டவை. அவற்றில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தின் மேல் கௌதமிபுத்ர சாதகர்ணி தன் சின்னங்களைக் குத்தியிருந்தான். நகபானனின் மூக்கு மேலேயே மலைச் சின்னம்! போரில் ஜெயித்ததைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான கல்வெட்டு உண்டா? பிரேசிலில் 1810 முதல் ஸ்பானிய எட்டு ரியால் காசை மலிவாக வாங்கி, மேலே 960 ரெய்ஸ் என்று அடித்து லாபம் பார்த்தார்கள். ரோமை எதிர்த்து 132-ல் கிளம்பிய பார் கோக்பா படை, சக்கரவர்த்தியின் தலை மேலேயே தன் எழுத்தை அடித்தது.

கற்பனை நாணயத்துக்கு அமெரிக்க அக்கசாலையே குரு என்பதுதான் வேடிக்கை. உலகப் புகழ்பெற்ற 1804 டாலர், 1804-ல் அடித்ததே அல்ல. சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொடுக்க 1834-ல் பழைய ஆண்டைப் போட்டு அடித்தார்கள். பிறகு சில காலம் கழித்து அக்கசாலை ஆட்களே களவாக மேலும் சிலவற்றை அடித்தார்கள். அதில் ஒன்று 1857-ன் சுவிஸ் வெள்ளிக் காசு மேல் அடித்த ஓவர்ஸ்டிரைக்! அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஸ்கட் சுல்தானுக்குப் போன 1804 டாலர் 2021-ல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அரசு பொய் ஆண்டு போட்டால் அரும்பொருள், தனி ஆள் போட்டால் குற்றமா என்று காரின் ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

எதிர்த்தரப்பும் லேசான ஆட்கள் இல்லை. 1973-ன் ஒரு சட்டப்படி, பழைய நாணயத்தைப் பார்த்துச் செய்த பிரதியில் 'நகல்' என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும். காரின் டாலரில் அது இல்லை. அசலே உலகில் இல்லாதபோது எதற்கு நகல் என்பது அவர் தரப்பு. நான் அடிப்பது நகல் அல்ல, அசல் நாணயத்தை மாற்றியமைப்பதுதான், ஏமாற்றும் நோக்கமில்லாமல் நாணயத்தை மாற்றுவது குற்றமில்லை என்கிறார். தான் செய்தவை என்ன, எத்தனை என்பதை அவரே வெளியிடுகிறார். அவர் விற்கும் இடத்தில் யாரும் ஏமாறுவதில்லை.

என் கவலை அவரிடம் வாங்குபவரைப் பற்றியதல்ல, மூன்றாவது ஆளைப் பற்றி. வாங்கியவர் காலமாகிறார். பிள்ளைகளுக்கு நாணயம் பற்றி ஒன்றும் தெரியாது. டப்பாவோடு பழைய சாமான்காரரிடம் போகிறது. அவர் இணையத்தில் '1964 டி' என்று தேடுகிறார், 3,16,076, உருக்கியது, ரகசியம் எல்லாம் வருகிறது. அடுத்து வாங்குபவர் என்ன நினைத்து வாங்குவார்? எடையும் வெள்ளியும் சோதித்தால் சரியாகவே காட்டும். மலிவு உலோகத்தில் வரும் போலியைத் தராசே காட்டிக் கொடுத்துவிடும், இதைக் காட்டிக் கொடுக்காது. காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல். இங்கே முதல் நாணயம் கையில் இருக்க, இரண்டாவது நாணயம் தொலைந்த காகிதத்தோடு போய்விடுகிறது.

அதனால் இதைச் சேகரிப்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். எப்படி வைத்துக் காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் 1935-க்கு அடுத்த குழியில் இதைச் செருகி, ஆல்பம் முழுமை என்று மகிழ்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வரிசையில் நிற்க வைத்தால் 24 அசல்களும் சேர்ந்து இதற்குச் சாட்சி சொல்வதாக ஆகிவிடும். தனியாக வைக்கலாமே. இடப்பக்கம் ஓர் அசல் 1935 டாலர், நடுவில் மேலச்சு, வலப்பக்கம் 1919-ன் ஜார்ஜ் ரூபாய். உருகிப் போனது, உருகாமல் தப்பியது, தப்பியும் வேறு முகம் வாங்கிக்கொண்டது என்று மூன்றும் பக்கத்தில் நிற்கும். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், சில மேலச்சுகளில் அடியிலிருக்கும் பழைய டாலரின் கோடுகள் மங்கலாகத் தெரியும். பார்க்க வந்தவரை முதலில் அதைத்தான் தேடச் சொல்ல வேண்டும். நகபானன் காசில் மூக்கைத் தேடுவது போல.

மற்றபடி எல்லா வெள்ளிக்கும் உள்ள பத்தியம்தான். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும், கெட்டியான ஒளிபுகும் டப்பாதான் நல்லது. விவரத்தைப் பலகையில் மட்டும் எழுதாதீர்கள், பலகை தனியே போய்விடும். டப்பாவின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

'1920-களில் அமெரிக்க அரசு அடித்த பீஸ் டாலர். அதன் மேல் 2010-ல் கொலராடோவில் டேனியல் கார் மறுபடி அடித்தது. 1964 என்ற ஆண்டு கற்பனை. அரசு அடித்த 1964-டி டாலர்கள் 3,16,076. அவை 1965-ல் உருக்கப்பட்டன. இது அவற்றில் ஒன்றல்ல.'