தனி ஆல்பத்தில் ஒரு தோழனின் குரல்

கிதாரை இந்துஸ்தானி இசைக்குப் பழக்கியவர்கள் பெரும்பாலும் அதன் மெட்டுகளைத் தவிர்த்தே அதைச் செய்தனர். பிரிஜ் பூஷண் காப்ரா கருவியை மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் உலோகத் தண்டை வழுக்கிச் செல்லவிட்டார். 1967இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' அவ்வொலியைப் பரவலாக்கியது. விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் அவ்வழியில் பிறந்ததே.

தில்லியின் சுஸ்மித் சென் வேறு வழியில் சென்றார். கிதாரை வழக்கம்போல் நிமிர்த்திப் பிடித்து, மெட்டுகளில் விரல் அழுத்தியே ராகச் சாயல் கொண்ட இசையை வாசித்தார். 1990இல் அவரும் அசீம் சக்கரவர்த்தியும் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்' குழுவில் அந்தக் கிதாரோடு நர்மதைக் கரையின் நாட்டார் பாடலும் அரமேய மொழித் துதியும் இணைந்தன.

2009 டிசம்பரில் அசீம் மறைந்தார். 2011இல் வெளிவந்த சுஸ்மித்தின் முதல் தனி ஆல்பமான 'டெப்த்ஸ் ஆஃப் தி ஓஷ'னில் சுபா முத்கல், பாப்போன் ஆகியோருடன் அசீமும் இடம்பெற்றிருந்தார். 2013இல் சுஸ்மித் குழுவைவிட்டு விலகினார்.

இந்த ஆல்பத்தை நாட்டாரிசையும் உலக இசையும் கலந்த படைப்பு என வகைப்படுத்துவர். 'கலப்பு' என்னும் சொல், முன்பு தனித்தனியே நின்ற இரண்டைக் கருதுகிறது. இங்கு ஒலிப்பதோ ஏறத்தாழ இருபதாண்டுக் கூட்டு வாசிப்பில் விளைந்த ஓர் இசைமொழி. எந்த மொழியும் ஒருவரால் மட்டும் உருவாவதில்லை. தனி ஆல்பம் எனப் பெயர் பெற்ற இதுவும் அதற்கு விலக்கன்று.