‘மே’ என்னும் சொல்லும் 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும்

ஆங்கிலத்தில் துணைவினையாக வழங்கும் ‘மே’ என்னும் சொல் இசைவு, ஐயம், வாழ்த்து ஆகிய பொருள்களைத் தரும். தமிழில் முதலிரண்டையும் ‘வரலாம்’ போன்ற வினைமுற்றும், வாழ்த்தை ‘வாழ்க’ போன்ற வியங்கோளும் உணர்த்தும். சட்ட வழக்கில் ‘மே’ அதிகாரம் வழங்கும். ‘ஷல்’ கடமை விதிக்கும். எனினும், சூழல் நோக்கி ‘மே’ என்பதற்குக் கடமைப்பொருள் கொள்வதும் நீதிமன்ற மரபில் உண்டு.

இவ்வேறுபாடு 1963இல் தில்லி நாடாளுமன்றத்தில் அரசியல் சிக்கலாயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் உறுப்பு ஆங்கிலத்திற்கு அளித்த 15 ஆண்டுக் காலம் 1965 சனவரியில் முடியவிருந்தது. அதன் பின்னும் இந்தியுடன் ஆங்கிலம் தொடர ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வழிசெய்தது. ஆனால் ‘மே’ என்றே கூறியது. ‘தொடரலாம்’ என்பது ‘தொடராமலும் விடலாம்’ எனப் பொருள்படும் என்று அஞ்சிய சி.என். அண்ணாதுரை முதலியோர் ‘ஷல்’ வேண்டினர். அவ்வச்சத்திற்கு இடமில்லை என்பது பிரதமர் நேருவின் விளக்கம்.

நேரு 1964இல் மறைந்தார். அவர்தம் விளக்கம் சட்டவாசகமாகாத நிலையில், 1965 தொடக்கத்தில் சென்னை மாநிலத்தில் மொழிப்போராட்டம் மூண்டது. பின்னர் வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அப்பிரிவின் ‘மே’யை நீக்கவில்லை என்பது கருதத்தக்கது. மாறாக, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுடன் ஒன்றிய அரசு ஆங்கிலத்திலேயே தொடர்புகொள்ள வேண்டும் என, ‘ஷல்’ அமைந்த காப்புவாசகத்தைச் சேர்த்தது. அம்மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும், அவற்றின்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தாலன்றி ஒன்றிய ஆட்சிப் பணிகளில் ஆங்கிலம் நீங்காது என்றும் விதித்தது.

அகராதியால் தீராத இவ்வழக்கை அருகமைந்த தொடர்களே தீர்த்துவைத்தன. சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணியும் நம் உரையாசிரியர் நெறி சட்டவாசகத்திற்கும் பொருந்துவதை இதனால் அறியலாம்.