உல்லையும் அறுகம் குடாவும்: ஒரு கரையோரக் கிராமத்தின் நிலவுரிமை பற்றிச் சில குறிப்புகள்

அறுகம்பே என்னும் பெயரில் முற்பாதி தமிழ். பிற்பாதி குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். முற்பாதியை அறுகம்புல்லோடு தொடர்புபடுத்துவர். ஆயின் அங்கு வாழ்வோர் தம் ஊரை உல்லை என்றே வழங்குவர். கடல்வழி வந்தோர் அறிந்த குடாவின் பெயர் ஊரின் பெயரை மறைத்துவிட்டமையை அந்நிலத்தின் உரிமை வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பது நமது கருத்து.

பொத்துவிலுக்குத் தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், களப்பைக் கடக்கும் பாலத்திற்கு அப்பால் உல்லை அமைந்துள்ளது. முஸ்லிம்களே பெரும்பான்மையினர், தமிழரும் சிங்களவரும் உடன் வாழ்கின்றனர். தெற்கே செல்லும் பாதை பாணமைக்கும், அதற்கப்பால் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் தங்கும் உகந்தைக்கும் இட்டுச் செல்கிறது. வாடை வீசும் மாதங்கள் மழைக்கும் பெரும்போக வேளாண்மைக்கும் உரியவை. கச்சான் வீசும் மாதங்களில் நிலம் வரண்டுவிடும். அப்பொழுது கடலே தொழிற்களம். தோணிகளை ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் வாடி அமைக்கவும் கரை வேண்டும். அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டவர் நாடுவதும் அதே மாதங்களில் அதே கரையைத்தான். பிற்காலப் பிணக்குகளின் பௌதிக அடிப்படை இதுவே.

1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் அதன்பின் அம்பாறை மாவட்டத்துக்கும் உட்பட்டிருந்த இவ்வூருக்கெனத் தனியான உள்ளூராட்சி மன்றம் இல்லை. பொத்துவில் பிரதேச சபையின் கீழேயே அது அடங்கும். உலகப் பயண நூல்களில் இடம்பெறும் ஓரூர் நிர்வாக ஏட்டில் இன்னோரூரின் பகுதியாக இருப்பது சற்று விசித்திரமே. இதனைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. ஆட்சியுரிமையை ஆவணத்தால் நிறுவ இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வழக்காற்றால் அனுபவிக்கப்பட்ட நிலத்தை அரச நிலமாக்கிற்று. கோப்பித் தோட்டங்களின் தேவைக்கேற்ப எழுந்த அச்சட்டத்தின் விளைவு மலைநாட்டோடு நின்றுவிடவில்லை. உறுதிப்பத்திரமின்றித் தலைமுறைகளாகக் குடியிருந்தவன் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவனானான்.

1970களில் அலைச்சறுக்குவோர் வரத் தொடங்கினர். தொடக்கத்தில் ஊரவரின் சிறு விடுதிகளே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. பெருமூலதனத்தின் பார்வை இக்கரைமீது முழுமையாக விழுந்தது 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின்னரே. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுதல் தடுக்கப்பட்டது. சுற்றுலாத் துறைக்கு விலக்களிக்கப்பட்டது. உயிர்ப் பாதுகாப்பே நோக்கமெனின், இவ்விலக்குக்கு என்ன நியாயம்? 2005இல் வகுக்கப்பட்ட அறுகம்பே வள அபிவிருத்தித் திட்டம் உயர்தர விடுதிகளையும் உலங்குவானூர்தித் தளத்தையும் கற்பனை செய்தது. மீனவரோ கரையிலிருந்து பெயர்க்கப்பட வேண்டியவராயினர். எதிர்ப்பு எழுந்தது, தடைவலயமும் பின்னர் தளர்த்தப்பட்டது. 2007இல் வெளியான தம் நூலில் நவோமி கிளைன் இவ்வூரையே முன்னிறுத்தி, பேரிடரை மூலதனம் பயன்கொள்ளும் முறையை விளக்கினார். அவரது ஆய்வு மதிக்கத்தக்கது. எனினும் இழக்கப்பட்ட வீடு யாருடையது என்னும் வினாவை அது தொடவில்லை.

இக்கரையோரத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வீட்டுக்கு வருவான். மகளுக்கென வளவில் இன்னொரு வீடு எழுப்புவது தந்தையினதும் சகோதரரினதும் வாழ்நாள் உழைப்பு. சீதனத்தை நாம் இலட்சியப்படுத்தவில்லை, அது சுமையே. ஆனால் அதுவே பெண்ணுக்குரிய சொத்தாகவும் இருந்தது. கரை வளவை இழந்த குடும்பம், கட்ட வேண்டிய மகளின் வீட்டுக்கான நிலத்தையும் சேர்த்தே இழந்தது. மாற்று வீடுகளை வழங்கியபோது நிர்வாகம் குடும்பத் தலைவராக ஆணையே கருதிற்று. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு நெடுங்காலம் ஆய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, ஆழிப்பேரலைக்குப் பிந்திய கிழக்கிலங்கை வீடமைப்பில் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டியுள்ளார். மனைவியின் சீதன வீடு நின்ற இடத்துக்கு ஈடாகக் கிடைத்த கல்வீட்டின் பத்திரத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது.