நிக்கோ துரையும் நம் தொப்பையும்

சிகரெட்டை விட்டால் உடம்பு போட்டுவிடும் என்பது எங்கள் ஆபீஸ் காலத்திலிருந்து கேட்டுவரும் பேச்சு. அதையே காரணமாகச் சொல்லி இந்த வயதிலும் விடாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சில் படித்த எனக்கு ழான் நிக்கோ முதலில் அறிமுகமானது அகராதி ஆசிரியராகத்தான். அவர் தொகுத்த பிரெஞ்சு அகராதி அவர் காலமான பின் 1606-ல் அச்சேறியது. பெயரின் கடைசியில் ஒரு 'தே' எழுத்து உண்டு, உச்சரிப்பில் வராது. லிஸ்பனில் பிரான்சின் தூதராக இருந்த இவர்தான் 1560-ல் ராஜமாதா கத்தரீன் தெ மெதிசிக்குப் புகையிலையை அனுப்பிவைத்தவர். தலைவலிக்கு மருந்தாக என்று சொல்வார்கள். 'அரசியின் மூலிகை' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1828-ல் ஹைடல்பர்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் புகையிலையிலிருந்து அதன் நச்சுச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். நிக்கோவின் பெயரால் அது நிகோட்டின் ஆயிற்று.

உடல் எடையை இதில் கொண்டுவந்து சேர்த்தது அமெரிக்க வியாபாரம். 1928 வாக்கில் லக்கி ஸ்டிரைக் கம்பெனியார், மிட்டாய்க்குப் பதில் எங்கள் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களைப் பார்த்து விளம்பரம் செய்தார்கள். மிட்டாய் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள், விற்பனையோ ஏறியது. 1968-ல் வந்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ், 'ஒல்லி' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டது.

விளம்பரம் முழுப்பொய் அல்ல என்பதுதான் சங்கடம். நிகோட்டின் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி அட்ரீனலினைச் சுரக்க வைக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும். உடம்பு கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்கும். 24 மணி நேரமும் அளந்து பார்த்த 1986-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அந்தச் செலவு சுமார் 10 சதவீதம் கூடியது தெரிந்தது. மூளையில் 'போதும்' என்று சொல்லும் நரம்பணுக்களையும் நிகோட்டின் தட்டி எழுப்புகிறது என்று 2011-ல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். சிகரெட்டை நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோகின்றன. நாக்குக்கு ருசி திரும்புகிறது. சும்மா இருக்கும் கை முறுக்கு டப்பாவைத் தேடுகிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் விட்டார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. எல்லாரும் கேலி செய்தோம். ஏழாவது மாதம் பெட்டிக்கடை வாசலில் மறுபடி நின்றார். அவரை மடக்கியது நோயல்ல, இடுப்பளவு.

எவ்வளவுதான் கூடும்? 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். நூற்றுக்குப் பதினாறு பேருக்கு எடை குறைந்தே போயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். புகைப்பவர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே அந்த ஒல்லி ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. எடை நிறையக் கூடியவர்களுக்குச் சில வருடங்கள் சர்க்கரை வரும் அபாயம் சற்று ஏறுகிறது என்று 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கும்கூட, தொடர்ந்து புகைப்பவர்களைவிட மரண அபாயம் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்டு டால் குழுவினர் 2004-ல் வெளியிட்டது அது: 30 வயதில் விட்டவருக்கு ஆயுளில் 10 வருடம் லாபம், 60 வயதில் விட்டவருக்கும் 3 வருடம்.

நான்கு கிலோவை ஒரு தட்டில், மூன்று வருடத்தை மறு தட்டில் வைத்துப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் காலை நடையும், இரவில் ஒரு தோசை குறைவும் அந்த நான்கு கிலோவைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் விடும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டால் அளவை அவர் சரிசெய்வார். தெரிந்தவர் யாராவது விட்டிருந்தால் அவர் தொப்பையைக் கேலி செய்யாதீர்கள். அந்த முதல் மூன்று மாதம் மட்டும் அவருக்குத் துணை நில்லுங்கள்.