உரிமை முன்னே, சான்று பின்னே: தஞ்சைக் குத்தகைச் சட்டங்கள், 1952–1971

தமிழ்நாட்டு நிலச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் தொடங்குகிறது. காவிரிப் பாசனப் பகுதிக்கு அது பிந்திய தொடக்கம். அங்கே குத்தகைதாரரும் பண்ணையாளும் அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்களை வந்த வரிசையிலேயே வாசித்தால், அவை ஏன் பாதிப் பலனே தந்தன என்பது விளங்கும். உரிமை முதலில் வந்தது. அந்த உரிமையை மெய்ப்பிக்கும் பதிவேடு பதினேழு ஆண்டு கழித்து வந்தது. குடியிருக்கும் மனை அதற்கும் பின்னால் வந்தது.

கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்பவர் பெரும்பாலும் தலித் மக்களில் ஒருவர். நிலவுடைமையாளரான ஒரு மிராசுதாரிடம் ஆண்டு முழுவதும் குடும்பத்தோடு உழைப்பார். குடிசை போட்டிருப்பதும் அந்த மிராசுதாரின் நிலத்தில்தான். கூலி நெல்லாகக் களத்தில் அளக்கப்படும். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் தண்டனையாக நிலவிய காலம் அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் 1943 முதல் கட்டிய விவசாயிகள் சங்கம் இதை எதிர்த்து எழுந்தது. 1944இல் மன்னார்குடி வட்டாரத்தில் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் 1948இன் மாயவரம் ஒப்பந்தமும் அந்தப் போராட்டத்தின் விளைவுகள். சட்டம் வருமுன்பே கூலியும் வாரமும் (விளைச்சல் பங்கும்) பேரத்துக்கு உரியவை என்று ஆகிவிட்டதை இந்த ஒப்பந்தங்கள் காட்டுகின்றன. பின்னால் வந்த சட்டத்தை ஆட்சியாளரின் கருணை என்று எழுதுவோர் இந்த நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் தஞ்சை மாவட்டத்தில் பல தொகுதிகளை வென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ராஜாஜி அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது; அதுவே தஞ்சாவூர்க் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக நிலைபெற்றது. ஒரு வருவாய்க் கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், நிலம் உடையவர்களையே அது கட்டுப்படுத்தியது. குத்தகைக்கு ஐந்தாண்டு உறுதி, விளைச்சலில் குத்தகைதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு, வழக்குகளைத் தீர்க்கச் சமரச அதிகாரிகள் என்பன அதன் முக்கியக் கூறுகள். பண்ணையாளின் கூலியையும் அது வரையறுத்தது. காரணமின்றி வேலையை விட்டு நீக்குவதையும் தடுத்தது.

ஆனால் பண்ணையாள் என்ற உறவுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. உறவை முறித்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடும். மிராசுதார்கள் அதைத்தான் செய்தார்கள். பண்ணையாட்களை விலக்கி, அதே ஆட்களையும் வெளியூர் ஆட்களையும் அன்றாடக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். 1951–53இல் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து, 1976இல் மீண்டும் வந்த மானிடவியலாளர் கேத்தலின் கஃப், பண்ணையாட்கள் குறைந்து தினக்கூலிகள் பெருகியதைப் பதிவுசெய்திருக்கிறார். பழைய அடிமைக்கட்டு தளர்ந்தது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆண்டு முழுவதும் கிடைத்துவந்த வேலையும் அதோடு போனது. இந்த இழப்பையும் ஆய்வாளர் கணக்கில் வைக்க வேண்டும்.

1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. 1952இல் நிலவுடைமையாளருக்கு அறுபது விழுக்காடு போனது. 1956இல் நன்செய் நிலத்தில் அவருக்கு நாற்பதுதான். நான்கே ஆண்டில் பங்கு தலைகீழானது, காகிதத்தில். 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைத்துப் பயிரிடுபவரே சாகுபடிக் குத்தகைதாரர். வாய்மொழிக் குத்தகையும் செல்லும். ஆனால் வருவாய்க் கோட்ட அலுவலர் முன் அதை மெய்ப்பிப்பது எப்படி? நெல்லை அளந்துகொடுத்தவரிடம் ரசீது இல்லை. கிராமக் கணக்கை எழுதும் கர்ணமோ பல ஊர்களில் மிராசுதாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். நியாயக் குத்தகை கேட்டவர் முதலில் தான் குத்தகைதாரர் என்பதையே நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு முன் நிலமே கைமாறிவிடவும் கூடும்.

1961ஆம் ஆண்டின் உச்சவரம்பு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர்; 1970இல் அது 15 ஆனது. விலக்குகளும் பினாமி மாற்றங்களும் அதன் வீச்சைச் சுருக்கின. அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வுக் கோரிக்கையும் வெளியாட்களை அறுவடைக்கு இறக்கியதும் அதற்கு முந்தைய தகராறின் மையம். பண்ணையாள் என்ற உறவைச் சட்டம் காத்தபோது விடுபட்டுப்போன தினக்கூலிகள்தான் அந்தத் தகராறில் நின்றவர்கள். 1952க்குப் பின் பதினாறு ஆண்டுகள் அவர்களின் கூலியைக் காக்க நடைமுறையில் சட்டக் காப்பு எதுவும் இல்லை. வேளாண் தொழிலாளர் சிக்கலை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சைக்கு வந்தது.

அதே 1969இல்தான் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. ஊர் ஊராக யார் எந்த வயலைப் பயிரிடுகிறார் என்று எழுதும் முயற்சி அது. 1952இலேயே நடந்திருக்க வேண்டியது. இடைப்பட்ட காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் பெயர் அதில் ஏற வழியில்லை. பதிவு தொடங்கியபோது வயலில் இருந்தவர்கள்தான் பதிவானார்கள்.

1971இன் குடியிருப்பு மனைச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த வேளாண் தொழிலாளர்களையும் கைவினைஞர்களையும் அந்த மனைக்கே உடைமையாளர் ஆக்கியது. இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத சட்டம் இதுதான். என் மதிப்பீட்டில் மற்றவற்றைவிட ஆழமாகப் பாய்ந்ததும் இதுவே. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடுவேன் என்ற மிரட்டல் செல்லுபடியாகும்வரை எந்தக் கூலிச் சட்டமும் சேரிக்குள் முழுதாக நுழைய முடியாது. 1952இன் சட்டம் பண்ணையாளை வேலையிலிருந்து நீக்குவதைத் தடுத்தபோது, அவர் எங்கே தூங்குவார் என்ற கேள்வி மிராசுதாரின் கையிலேயே விடப்பட்டிருந்தது.