இலக்கம் 81: பராமரிப்பிலுள்ள குழந்தையும் பதிவின் உரிமையும்

கிழக்கிலங்கையின் வரலாற்றில் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை பெரிதும் அழிவின் கதையாகவே எழுதப்பட்டுள்ளது. பெற்றோரை இழந்தும் பிரிந்தும் பிறர் பராமரிப்புக்கு வந்த குழந்தைகள் பற்றிய தகவல் எவருக்குரியது என்ற வினாவையும் அது எழுப்பிற்று. அதனையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

அன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்டது ஒரு கைக்குழந்தை. பெயர் தெரியாமையால் இலக்கமே பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோரினர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. நீதிமன்றத்தை முறைப்படி நாடியோரோ ஒரே தம்பதியர். மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என நிறுவ, 2005 பெப்ரவரியில் குழந்தை கையளிக்கப்பட்டது. வழக்கு முடிந்தது, படமும் பெயரும் இணையத்தில் நிலைத்துவிட்டன. அதே ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அநாதரவான சிறாரின் வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தியது. குழந்தையை வளர்ப்பவர் யார் என்பதே அன்றைய கவலையாயிருந்தது. அதன் கதையைக் காப்பவர் யார் என்பதன்று.

இதற்கு மறுதலையான அநீதியொன்றும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலரின் ஆவணங்கள் போலியானவை என்பதையும், தாயராகக் காட்டப்பட்ட சிலர் தாயரல்லர் என்பதையும் 2017இல் நெதர்லாந்தின் செம்பிளா தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. கல்முனைக் குழந்தைக்கு அந்தரங்கம் மறுக்கப்பட்டது. இவர்களுக்கு உண்மை மறுக்கப்பட்டது. தம் அந்தரங்கத்தை இணையத்தில் திறந்துவைத்தே உறவினரைத் தேடும் நிலைக்கு இவர்கள் தள்ளப்பட்டுள்ளனர்.

கல்முனை முதல் சாகாமம் வரையுள்ள பிரதேசத்தின் முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வினா புதியதன்று. வளர்ப்புப் பிள்ளையின் தந்தை பெயரை மாற்றலாகாது என்பது இஸ்லாமிய சட்டநெறி. பிள்ளையின் பூர்வீகம் வளர்ப்போரின் உடைமையன்று என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயம், 8ஆம் உறுப்புரையில் அடையாளத்தையும் 16ஆம் உறுப்புரையில் அந்தரங்கத்தையும் காக்கின்றது. இவை எண்ணிமச் சூழலுக்கும் பொருந்துமென ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2021இல் விளக்கியது. இவ்விரண்டையும் ஒரே உரிமையின் இரு முகங்களாகவே நாம் காண்கின்றோம்: தன் பதிவை அறியவும், பிறர் பார்வையிலிருந்து அதனை மூடவும் பிள்ளைக்குள்ள அதிகாரம் அது. கொடையாளரின் இரக்கத்தைத் தூண்டப் பராமரிப்பிலுள்ள சிறாரின் முகங்களை இணையத்தில் இடும் எந்தத் தாபனமும், எவ்வளவு நல்லெண்ணமுடையதாயினும், அவ்வதிகாரத்தைப் பறிக்கின்றது. மேற்கூறிய குழந்தையின் பெயரை நாம் இங்கு எழுதாமைக்கும் அதுவே காரணம்.