காழும் பட்டையும்: மலாயாப் பால்வெட்டுத் தமிழரின் திசு அறிவு

மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்கு, கங்காணி முறை, கூலி, வேலைநிறுத்தம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவ்வுழைப்பு நாள்தோறும் நிகழ்ந்த இடம் ஒரு விரல் தடிப்பும் இல்லாத மரப்பட்டை. அப்பட்டையின் திசு அமைப்பை அறியாமல் பால்வெட்டுத் தொழிலாளரின் திறனை மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அமேசான் காடுகளில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். வெட்டு பட்டையைக் கடந்து மரக்கட்டைவரை சென்று மரத்தைக் கெடுத்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, பழைய வெட்டின் விளிம்பையே மீண்டும் மெல்லியதாகச் சீவும் முறையை உருவாக்கினார். மரம் பிழைத்தது, தோட்டத்தொழில் பிறந்தது. அதன்பின் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்ட செய்தி இவ்வவை நன்கு அறிந்ததே.

ரிட்லியின் முறை ஏன் பலித்தது என்பதற்கு விடை திசுக்களில் உள்ளது. பட்டையின் புறத்தே இறந்த உயிரணுக்களாலான தக்கை நீரிழப்பைத் தடுக்கிறது. அதனுள் கல்லணுக்கள் செறிந்த கடினப்பட்டை காவலாக அமைகிறது. அங்குப் பால் குறைவு. அடுத்தது மென்பட்டை. இலை சமைத்த சர்க்கரையைக் கீழே கொண்டுசெல்லும் புளோயம் இதுவே. பால்குழாய்களும் இதனுள்தான் வளையம் வளையமாக அமைந்துள்ளன. இதற்கும் உள்ளே கேம்பியம் என்னும் ஆக்குத்திசு கண்ணுக்கு எளிதில் புலப்படாத மென்படலமாக உள்ளது. அது உட்புறம் நீரை மேலேற்றும் சைலத்தையும், வெளிப்புறம் புதிய மென்பட்டையையும், அதனுடன் புதிய பால்குழாய்களையும் ஈனுகிறது. ஆகவே புதிய குழாய்கள் கேம்பியத்தை ஒட்டியே மிகுந்துள்ளன. பால் மிகுந்த இடமும் தொடவே கூடாத இடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இடையே விடவேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

கத்தி ஆழ்ந்தால் கேம்பியம் காயமுறும். அவ்விடத்தில் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகி, பிற்காலத்தில் மறுவெட்டுக்கு உதவாது. கத்தி மேலோட்டமாகச் சென்றால் வாளி நிறையாது. இரண்டுக்கும் பழி வெட்டியவருக்கே. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சில பாகை சாய்ந்து ஏறுவதால், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும் வெட்டே மிகுதியான குழாய்களைத் திறக்கும். அவ்வெட்டும் மரத்தின் பாதிச் சுற்றளவோடு நிற்கும். முழுதும் சுற்றினால் வேருக்குச் செல்லும் சர்க்கரை தடைபடும். விடியலுக்கு முன்னரே வேலை தொடங்கியதற்கும் காரணம் உண்டு: இரவில் நீராவிப்போக்கு குறைவதால் குழாய்களுள் அழுத்தம் கூடுகிறது, வெயில் ஏற அது தணிகிறது. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கண் அளக்கவியலாது. கைதான் அளந்தது. அக்கைகளுட் பல பெண்களுடையவை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

ரப்பர் மரத்தின் உள்ளமைப்பையும் உடலியக்கத்தையும் பற்றிய பொபிலியோஃபின் நூல் 1923இல் வெளிவந்தது. மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. இவற்றுக்கு முன்பே பல்லாயிரம் தொழிலாளர் அவ்வளையங்களின் ஓரத்தில் நாள்தோறும் கத்தியை நிறுத்திப் பழகியிருந்தனர். மேற்பார்வையாளர் தேடியதோ காயங்களையே. காயமின்றி வெட்டப்பட்ட மரம் எவருடைய பெயரையும் தாங்கவில்லை. புதுப்பட்டையின் தழும்புகளை வரலாற்றுச் சான்றாகப் படிக்கலாம் என்றால், அம்மரங்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவுக்கு வழிவிட்டன. 1960களுக்குப் பின் பல தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறின.

எஞ்சியிருப்பவை சொற்கள். தொல்காப்பிய மரபியல் வெளிப்புறம் வயிரமுடையதைப் புல் என்றும் உட்புறம் வயிரமுடையதை மரம் என்றும் பிரித்து, புறக்காழ், அகக்காழ் என்னும் சொற்களை ஆள்கிறது. அக்காழ் என்னும் சொல்லையே இலங்கைப் பாடநூல்கள் சைலத்துக்கு வழங்குகின்றன. புளோயம் அங்கு உரியம், கேம்பியம் மாறிழையம். தமிழகப் பாடநூல்கள் ஒலிபெயர்ப்பையே பெரிதும் கொண்டன. என் நோக்கில் இலங்கை வழக்கே தெளிவானது. எனினும் இவ்விரண்டும் வகுப்பறைச் சொற்கள். தோட்டத் தமிழர் நாவில் பால்மரம், மங்கு, ஒட்டுப்பால் என்பவை வழங்கின. ஒட்டுப்பால் என்பது திறந்த குழாய்களின் வாயில் உறைந்து ஒழுக்கை நிறுத்தும் பால். அடுத்த வெட்டுக்குமுன் அதை உரித்தெடுத்தே கத்தியை வைப்பர். ஒரு திசுவின் தற்காப்பு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிவதால், தோட்டத்துப் பிள்ளைகள் புளோயத்தை இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியிலேயே முதலில் சந்தித்தனர். தாய் நாள்தோறும் சீவிய பட்டையும் மகள் தேர்வுக்கு வரைந்த படமும் ஒன்றே என்பதைச் சொல்ல இருவருக்கும் பொதுவான சொல் இருக்கவில்லை. பட்டையின் அடுக்குகளையும், வெட்டின் ஆழத்தையும், காயத்தின் வகைகளையும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர் எவ்வாறு பெயரிட்டனர் என்பதைத் திரட்டும் களப்பணி, கத்தி பிடித்த தலைமுறை உள்ளபோதே தொடங்கப்பட வேண்டும். நேர்காணலோடு அவர்கள் வெட்டிக் காட்டுவதும் பதிவாக வேண்டும்.